முகம் மாறும் உரிமை

வேலூர் மணிக்கூண்டுப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று அதன் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் இருக்கும். செத்தவர்களுக்குக் கல்லில் இடம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் திரும்பி வந்தவர்கள் எந்தெந்த ஊரைப் பார்த்தார்கள், அந்த ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது என்பதை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டி வைக்கவில்லை.

2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் நெடுநாள் உறவு. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பையன் பள்ளிக்கூடம் முடித்தால் 'ஒண்ணு ஷூ கம்பெனி, இல்லாட்டி மிலிட்டரி' என்பது பல வீடுகளில் கேட்ட பேச்சு. ஷூ கம்பெனிக்குப் போனவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். மிலிட்டரிக்குப் போனவன் கறுப்பு ட்ரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ட்டால் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுவான். எந்த ஊர் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை.

இங்கேதான் என் கேள்வி. கட்டளையின் பேரில், உடுப்போடு ஒரு ஊருக்குப் போனவன், 'அந்த ஊர் எனக்குத் தெரியும், அந்த ஜனங்க தங்கமான ஜனங்க' என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஏலகிரி புங்கனூர் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. பேசியவர் மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியபின் டி.எஸ்.சி. என்கிற பாதுகாப்புப் படையில் மறுபடி சேர்ந்தவர். அதன் பயிற்சி மையம் கேரளத்தில் கண்ணூரில் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் ராத்திரி மங்களூர் மெயிலைப் பிடித்தால் காலையில் கண்ணூர்.

"இன்னா மழை சார் அது! நம்ம ஊர்ல ஒரு வருஷத்துக்குப் பெய்யறத அங்க ஒரே மாசத்துல ஊத்திடும் போல கீது" என்றார். கொஞ்சம்தான் மிகைப்படுத்தினார். வேலூர் பக்கம் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி. கண்ணூரில் மூவாயிரத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் கிடைத்தால் குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். பையாம்பலம் கடற்கரை. அப்புறம் 1505-ல் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை. டச்சுக்காரர்கள், அரக்கல் ராஜ குடும்பம், வெள்ளைக்காரர்கள் என்று கை மாறிக்கொண்டே வந்த இடம். கோட்டைச் சுவரோரம் நின்று மாப்பிளை விரிகுடாவில் மீன்பிடிப் படகுகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். வழக்கமாக டீ குடிக்கிற கடையில் ஒருநாள் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்திருக்கிறார். கடைக்காரர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். குடையை வெளியே வைக்கத் தெரியாதா, இப்போதுதான் தரையைத் துடைத்தேன் என்று மலையாளத்தில் திட்டு. உடுப்பு, தோளில் பட்டை எதையும் அவர் சட்டை செய்யவில்லை. அடுத்த வாரம் அதே மனுஷன், "மழை விடட்டும், தெய்யம் ஆட்டம் ஆரம்பிக்கும், கூட்டிப் போறேன்" என்றாராம். மழைக்காலத்தில் தெய்யம் கிடையாது. ஐப்பசி வாக்கில்தான் தொடங்கும். அதற்குள் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

"திட்டினான் பாருங்க, அந்த ஊரு எனக்குத் தெரியும் சார்" என்றார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அவர் அடுத்துச் சொன்னதைக் கேளுங்கள்.

இருபத்து மூன்று வயதில் அவர் வேறொரு கடலோர ஊரில் இருந்தார். யாழ்ப்பாணம். அங்கேயும் போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை உண்டு. மொழிகூட நம் மொழி. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தி - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதையடுத்து இந்திய அமைதிப்படை போய் இறங்கியபோது ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். சிப்பாய்கள் கடைத்தெருவில் ஜப்பான் ரேடியோ விலை கேட்டார்கள். அக்டோபரில் எல்லாம் தலைகீழானது. அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறும்வரை இந்தியச் சிப்பாய்களும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள்.

"ஒரு கடையில டீ சாப்பிடுவேன் சார். வந்த புதுசுல காசு வாங்க மாட்டார். தமிழ்ப் பையன் வந்துக்கினானேன்னு பாசம். சண்டைக்கு அப்புறமும் போனேன், தோள்ல துப்பாக்கியோட. அப்பவும் காசு வேணாம் தம்பின்னார். அதே சிரிப்பு. அது பாசமா, பயமா... இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல சார்."

கண்ணூர்க் கடைக்காரரால் திட்ட முடிந்தது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரால் முடியாது. ஒருவேளை அவருக்கு நிஜமாகவே இந்தப் பையனைப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடிக்காமல் போயிருந்தாலும் அதே சிரிப்பைத்தானே சிரித்திருப்பார்? அப்புறம் அந்தச் சிரிப்பிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது?

திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்கிற இடத்தில் அனிச்சப் பூவைச் சொல்கிறார். அது முகர்ந்தால்தான் வாடும். விருந்தாளியோ வீட்டுக்காரர் முகம் மாறி ஒரு பார்வை பார்த்தாலே வாடிவிடுவார். வீட்டுக்காரருக்குச் சொன்ன புத்திமதி இது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டுக்காரரின் முகம் மாற முடிகிற இடத்தில்தான் விருந்தாளி என்று ஒருவர் இருக்க முடியும். வந்தவன் தோளில் துப்பாக்கி தொங்கினால் முகம் மாறாது. மாறாத முகத்தை எத்தனை மாதம் பார்த்தாலும் அதில் படிக்க ஒன்றுமில்லை.

ஜெர்மன் தத்துவ மேதை இமானுவேல் கான்ட், உலக அமைதியைப் பற்றி 1795-ல் எழுதிய சிறு நூலில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறார். அந்நிய மண்ணில் காலை வைக்கிறவனை விரோதியாக நடத்தக்கூடாது. அது அவன் உரிமை. ஆனால் 'என்னை விருந்தாளியாக நடத்து' என்று கேட்க அவனுக்கு உரிமை கிடையாது. அவன் உயிருக்குக் கேடு வராதென்றால் திருப்பி அனுப்பவும் செய்யலாம். போய்ப் பார்ப்பது என்கிற பெயரில் ஐரோப்பிய வியாபார நாடுகள் பிடித்துக்கொண்ட ஊர்களை மனதில் வைத்து எழுதிய நூல் அது.

அந்த நூல் வந்து முப்பது வருஷம் ஆவதற்குள் மதராஸ் ராணுவச் சிப்பாய்களுக்கு இன்னொரு மழை ஊர் வாய்த்தது. 1824 மே மாதம், ஆங்கிலேயப் படையோடு ரங்கூன் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். ஊரில் ஆள் இல்லை. பர்மிய அதிகாரிகளின் உத்தரவில் ஜனங்கள் மொத்தமாக வெளியேறியிருந்தார்கள். உணவு இல்லை, ஆற்றில் ஏறிப்போகப் படகு இல்லை. பிடித்துக்கொண்டது பருவமழை. மாதக்கணக்கில் அந்தக் காலி ஊரில் கிடந்து நோயில் செத்தவர்கள் ஏராளம். இரண்டு வருஷம் இழுத்த அந்த யுத்தத்தில் கம்பெனிப் படை இழந்தது ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேரை. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டல்ல, நோய். அந்தச் சிப்பாய்கள் ரங்கூனின் தெருக்களைப் பார்த்தார்கள், ஷ்வேடகான் பகோடாவைச் சுற்றி முகாம் போட்டார்கள். ரங்கூனைப் பார்த்தார்களா?

'சிப்பாய் என்ன செய்வான் பாவம், அவனைக் கேட்டா அனுப்பினார்கள்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. ரங்கூனில் காய்ச்சலில் கிடந்தவனும், யாழ்ப்பாணத்தில் காவல் நின்ற இருபத்து மூன்று வயசுப் பையனும் அந்த யுத்தங்களைத் தீர்மானிக்கவில்லை. அந்த ஊர் மேல் அவனுக்கு உண்டான பிரியமும் பொய்யில்லை. மழையில் நனைந்த ஒரு தெருவை நேசிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் 'அந்த ஊரும் என்னை நேசித்தது' என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஊர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். மிரட்டல் இருக்கிற இடத்தில் வாங்கிய சாட்சியைக் கோர்ட்டே ஏற்பதில்லை. மனசு மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

சரி, அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவன் என்னதான் செய்வது? அதையும் அவரிடமே கேட்டேன்.

"காசு வேணாம்னு சொன்னார் இல்ல? டம்ளருக்கு அடியில வெச்சிட்டு வந்துடுவேன் சார். அதுக்கு மேல நம்மால இன்னா பண்ண முடியும்?"

இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. எதிராளி கேட்க முடியாத நிலையில் இருக்கும்போது, அவர் கேட்காததையும் கொடுத்துவிட்டு வருவது. அவர் சிரிப்பைத் தனக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் 'தெரியல சார்' என்று சந்தேகமாகவே வைத்திருப்பது. அதிகாரத்தோடு ஒரு ஊருக்குள் நுழைய நேர்ந்தவன் காட்டக்கூடிய மரியாதை இதுதான் என்று படுகிறது.

துப்பாக்கி இல்லாத நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆம்பூர் தோல் கம்பெனிக்கு வரும் வெளிநாட்டு பையர் முன்னால் தொழிலாளியின் முகம் மாறுவதில்லை. சனி, ஞாயிறு பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்கு வருகிறோம். ரிசார்ட் பையன் ராத்திரி பதினோரு மணிக்கும் சிரித்த முகத்தோடு வெந்நீர் கொண்டுவருகிறான். 'மலை ஜனங்க ரொம்ப நல்லவங்க' என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்குகிறோம். நல்லவர்களாகவே இருக்கட்டும். நம் பர்ஸ் துப்பாக்கி அளவுக்குப் பயமுறுத்தாது என்பதும் வாஸ்தவம்தான். ஆனாலும் அந்தப் பையன் நம் முன்னால் முகம் சுளித்தால் அவன் வேலை என்னவாகும் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அடுத்தமுறை வெளியூரில் யாராவது உங்களைத் திட்டினால் கோபப்படாதீர்கள். 'செருப்பை வெளியே விடுங்க', 'இங்க வண்டி நிறுத்தாதீங்க', 'குப்பையை எடுத்துனு போங்க'... எதுவாக இருந்தாலும் சரி. அவர் உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை என்று அர்த்தம். அந்த ஊரைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.