பாசி யாருக்குப் பகை?

தங்கமீன் வளரும் கண்ணாடித் தொட்டியில் பாசி படர்ந்தால், அதை அழுக்கென்றே நாம் தீர்ப்பிட்டு விடுகிறோம். யாருக்கு அழுக்கு? மீனுக்கன்று. தங்கமீன் அதைக் கொறித்துத் தின்னும். மீன்கழிவில் தோன்றும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். உறுத்துவது நம் கண்ணைத்தான்.

அக்கண்ணின் பொருட்டு நாம் செய்வதென்ன? நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களையும் வடிகட்டியையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவுகிறோம். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. அவை மடிந்தபின், பளிங்கு போன்ற நீரிலேயே அம்மோனியா பெருகி மீன் மாளும். மயில்துத்தம் கலந்த பாசிமருந்தோ, அளவு மீறினால் மீனையே கொல்லும். நம் பொறுப்பில் உள்ள உயிரின் நலத்தை நம் கண்ணின் இன்பத்தால் அளக்க நமக்கு உரிமை உண்டா?

அதற்காகப் பாசியைத் தழைக்க விடுவதும் பரிவாகாது. அடர்ந்து கலங்கிய பச்சைநீரில் இரவு நேரத்தில் உயிர்வளி குன்றும். பாசி மிகுவது, இரை மிகுந்ததற்கோ வெயில் நேரே விழுவதற்கோ அடையாளம். (தங்கமீன் எப்போதும் வாய் திறக்கும், அதைப் பசியென்று நம்பலாகாது.) இரண்டொரு நிமிடத்தில் தின்று தீருமளவு இரை, வாரந்தோறும் குளோரின் நீக்கிய நீரால் கால்பங்கு மாற்றம், முன்கண்ணாடியை மட்டும் துடைத்தல்: நம் கண்ணுக்கு இவ்வளவு போதும். பின்கண்ணாடியின் பசுமை மீனுக்கு இருக்கட்டும்.