நாளை உண்டு என்று எழுதும் கணக்கு

இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் முதலாவது 1979-இல் வந்தது. அது சொல்லும் அடிப்படை அனுமானங்கள் மூன்றில் ஒன்று நிறுவனத் தொடர்ச்சி: இந்த நிறுவனம் கண்ணுக்கெட்டிய காலம்வரை நடக்கும், மூடும் எண்ணமோ நிர்ப்பந்தமோ இல்லை. இந்த அனுமானத்தின்படி கணக்கு எழுதினால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கைவிட்டால்தான் சொல்ல வேண்டும். ஆக, மௌனத்துக்கு அந்தத் தரநிலையே ஒரு பொருள் கொடுத்துவிடுகிறது. நட்டத்தில் ஓடும் நிறுவனத்தின் இயக்குநர்கள் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டால், பிழைத்துக்கொள்வோம் என்று சான்று தந்ததாகவே ஆகும். அந்தச் சான்றை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

2005 மே மாதம் பறக்கத் தொடங்கி 2012 அக்டோபரில் நின்றுபோன கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஒரு நிதியாண்டில்கூட இலாபம் கண்டதில்லை. 2010-11-இல் நட்டம் சுமார் 1,027 கோடி ரூபாய், அடுத்த ஆண்டு 2,328 கோடி. அதன் கணக்குக் கொள்கைகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. குத்தகைக்கு எடுத்த விமானங்களின் இன்ஜின்களுக்குச் செய்த பெரிய பழுதுச் செலவை, செய்த ஆண்டிலேயே முழுதாக எழுதாமல் வரும் ஆண்டுகளுக்கும் பிரித்துவிட்டார்கள். இது தரநிலைக்கு ஒவ்வாது என்று தணிக்கையாளர்களே குறிப்பெழுதினார்கள். இன்னொன்று, ஒத்திவைத்த வரிச் சொத்து. இன்றைய நட்டத்தை நாளைய இலாபத்தில் கழித்தால் வரி மிச்சமாகும் அல்லவா? அந்த வரப்போகிற மிச்சத்தை இன்றைக்கே சொத்தாக எழுதிக்கொள்வது. இலாபம் வருவது ஏறக்குறைய நிச்சயம், அதற்கு நம்பத்தகுந்த ஆதாரமும் கையில் இருக்கிறது என்றால் மட்டுமே தொடர் நட்டத்தில் உள்ளவர்கள் இப்படி எழுதலாம். பிறந்தது முதல் இலாபத்தின் முகம் பார்க்காத நிறுவனத்துக்கு அந்த நிச்சயம் எங்கிருந்து வந்ததோ! வரிக்கு முன் இருந்த நட்டம் வரிக்குப் பின் பல நூறு கோடி இளைத்துப்போனது இந்த வழியில்தான்.

இரண்டு பதிவுகளும் ஒரே கொடியில் தொங்குகின்றன. விமானம் நாளையும் பறக்க வேண்டும். பறக்காவிட்டால், பழுது பார்த்த இன்ஜின் குத்தகைக்கு விட்டவரிடம் போய்விடும். வரி மிச்சத்துக்கோ கழிக்க இலாபமே இருக்காது. பிராண்டும் அப்படித்தான். கிங்ஃபிஷர் என்ற பெயரை 4,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு வங்கிகளுக்கு ஈடாகக் கொடுத்திருந்தார்கள். 2016 ஏப்ரலில் வங்கிகள் அந்தப் பெயரை ஏலத்துக்குக் கொண்டுவந்தன. குறைந்தபட்ச விலை 366.70 கோடி. ஒருவரும் கேட்கவில்லை.

தொடர்ச்சி பற்றிய சந்தேகத்தை அறிக்கையின் ஒரு மூலையில் ஒப்புக்கொண்டுவிட்டு, மற்ற பக்கங்களில் அந்தச் சந்தேகமே இல்லாததுபோல் சொத்துகளை எழுதுவது நேர்மையா? ஒவ்வொரு கொள்கைக்கும் தனித்தனியே ஒரு நியாயம் சொல்ல முடியும், சொல்லவும் செய்வார்கள். ஆனால் எல்லாத் தீர்மானங்களும் நட்டத்தைக் குறைத்துக் காட்டும் பக்கமே சாய்ந்தால் அதைத் தற்செயல் என்று ஏற்பது கடினம்.

மௌனத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சந்தேகத்தை வெளியே சொன்னால் அந்தச் சொல்லே நிறுவனத்தைக் கொன்றுவிடும். எண்ணெய் நிறுவனங்கள் ரொக்கம் கேட்கும், வங்கி கை விரிக்கும், பயணிகள் வேறு விமானத்துக்குப் போய்விடுவார்கள். இன்னும் ஆறு மாதம் ஓடியிருந்தால் புது முதலீடு கிடைத்துப் பல ஆயிரம் பேர் வேலை தப்பியிருக்குமே என்று பின்னால் யாரும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

ஆனால் யாரிடம் மறைக்கிறோம் என்று கேட்டால் இந்த வாதத்தின் நிறம் மாறிவிடுகிறது. கிங்ஃபிஷருக்கு எரிபொருள் தந்தவர்கள் பாக்கி ஏறியதும் ரொக்கத்துக்கு மாறினார்கள். குத்தகைக்கு விட்டவர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வங்கிகளுக்கு எல்லாம் தெரியும். 2011-இல் சந்தையில் 40 ரூபாயை ஒட்டி விற்ற பங்கை 64.48 ரூபாய் கணக்கில் ஏற்று, கடனில் ஒரு பகுதியைக் கழித்ததும் அவைதான். (அதை ஏமாளித்தனம் என்பதா, வேறு பெயர் சொல்வதா என்பது தனி விவாதம்.) கேட்டுப் பெறும் வலிமை உள்ளவர்களுக்கு அறிக்கை வருவதற்கு முன்பே உண்மை போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து வரும் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்தவர், உணவுத் தட்டு சப்ளை செய்தவர், அடுத்த மாதம் சம்பளம் வந்துவிடும் என்று இருந்த பொறியாளர் ஆகியோருக்குத்தான் அந்தப் பொத்திவைப்பு. ஊழியர் சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ். தொகையைக்கூட அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலில் பிடித்தம் என்று எழுதியிருந்த பணம் உண்மையில் நிறுவனம் கேட்காமல் வாங்கிய கடன்.

சொன்னால் செத்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. சென்னையின் சன் குழுமத்தார் வசம் இருந்த ஸ்பைஸ்ஜெட் 2013-14-இல் ஆயிரம் கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அது தொடர்ந்து நடக்குமா என்பதில் ஐயம் உண்டு என்று தணிக்கையாளர்கள் எழுதினார்கள். 2014 டிசம்பரில் எண்ணெய் கிடைக்காமல் ஒரு பகல் பெரும்பாலான விமானங்கள் தரையில் நின்றன. 2015 தொடக்கத்தில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஜய் சிங் திரும்ப வந்து எடுத்துக்கொண்டார், நிறுவனம் பிழைத்தது. கச்சா எண்ணெய் விலை அந்த மாதங்களில் சரிந்ததும் கைகொடுத்தது; கிங்ஃபிஷருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகவே இதை வைத்துப் பொதுவிதி போட முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: வாங்க வந்தவர் நோயைத் தெரிந்துகொண்டே வாங்கினார்.

கிங்ஃபிஷரின் கணக்குகளிலும் சந்தேகம் அறவே மறைக்கப்படவில்லை என்பதுதான் இதில் மிகவும் சங்கடமான இடம். நிகர மதிப்பு கரைந்துவிட்டதை அறிக்கை சொன்னது, தணிக்கையாளர்களும் சுட்டினார்கள். சொல்ல வேண்டிய கடமை தீர்ந்தது. ஆனால் குறிப்புகளின் நடுவே, பங்குதாரர்களை நோக்கி, தணிக்கை மொழியில் சொன்னது டிக்கெட் கவுன்டருக்கு வந்து சேரவில்லை. கவுன்டரில் முன்பதிவு நடந்துகொண்டே இருந்தது. தணிக்கையாளரை இதற்குக் குறை சொல்வது நியாயமாகாது. அவர் பேச வேண்டியது பங்குதாரர்களிடம்தான். இயக்குநர்களின் நிலை வேறு. சந்தேகம் உண்டு என்று தாங்களே ஒப்புக்கொண்ட பிறகு, விவரம் தெரியாதவரிடம் முன்பணம் வாங்குவதும், சம்பளம் தருவதாக நாள் சொல்லி வேலை வாங்குவதும் அவர்கள் தினமும் புதிதாக எடுக்கும் முடிவுகள். நிறுவனம் மீளும் என்று அவர்கள் மனதார நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்குப் பந்தயம் வைத்த பணம் யாருடையது என்பதுதான் வழக்கு.

2016-இன் திவால் சட்டம் தொழிலாளரின் 24 மாத நிலுவையை ஈட்டுக் கடன்காரர்களுக்குச் சமமாக வரிசையில் நிறுத்தியது. டிக்கெட் வாங்கியவருக்கு அப்படித் தனி இடம் எதுவும் இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது, முன்பதிவு செய்திருந்தவர்கள் தங்கள் டிக்கெட் பணத்துக்குத் திவால் நடைமுறையில் உரிமைக் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டியிருந்தது.