ஸ்பானர் யார் கையில்?

விளக்கு எரிஞ்சா போதும், எரிய வைக்கிறவன் எவனாயிருந்தா என்ன என்று கேட்கிறார்கள். இருட்டில் கிடந்தவனுக்கு இது நியாயமாகத்தான் படும். விளக்கு அணைஞ்ச அன்னைக்குத்தான் பதில் தெரியும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் எக் என்றொரு சின்னத் தீவு. சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். நெடுங்காலம் தீவு முழுக்க ஒரே நிலவுடைமையாளனின் சொத்து. 1997இல் தீவு மக்கள் அறக்கட்டளை அமைத்து, நன்கொடை திரட்டித் தீவையே வாங்கினார்கள். பெருநிலத்திலிருந்து கடலடியில் கேபிள் இழுக்கச் செலவு தாங்காது. வீட்டுக்கு வீடு டீசல் எஞ்சின்தான். 2008 பிப்ரவரியில் சொந்த மின்சாரம் வந்தது. ஓடைநீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்து தருகிறது, குறைந்தால் டீசல். வீட்டுக்கு உச்சவரம்பு 5 கிலோவாட், தொழில்களுக்கு 10. மீறினால் இணைப்பு அறுந்துபோகும்.

இதில் முக்கியம் எந்திரம் இல்லை. பயிற்சி எடுத்துக்கொண்ட தீவுக்காரர்களே அதைப் பராமரிக்கிறார்கள். புயலில் படகு வராத நாளில் வெளியூர் நிபுணனுக்காகக் காத்துக்கிடந்தால் ஊரே இருட்டுதான்.

பயிற்சி என்ற பெயரிலும் ஏமாற்று நடக்கும். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எழுதினார். குழி தோண்டவும் சூரியத் தகடு துடைக்கவும் உள்ளூர் ஆள்; வரைபடமும் வரவு செலவும் வெளியாள் கையில் என்றால், அது பழைய பிரிவினைதான். பழுது பார்க்க, கணக்குக் கேட்க, திட்டத்தை மாற்றச் சொல்ல, அடுத்தவருக்குக் கற்றுத்தர முடிந்தால்தான் அது பயிற்சி.

‘படிக்காதவன் கையில கரண்டைக் கொடுத்தா செத்துருவான்’ என்பார்கள். அக்கறை மாதிரிதான் இருக்கும். மலக்குழிக்குள்ள நம்ம ஆளை இறக்கிவிடும்போது மட்டும் இந்த அக்கறை எங்கே போச்சு? அங்கே பயிற்சியும் கேட்கவில்லை, பாதுகாப்பும் கேட்கவில்லை. கரண்ட் ஆபத்துதான். அதனால்தான் முறையாகக் கற்றுத்தரச் சொல்கிறோம். ஆபத்தைக் காட்டி அறிவை மறுப்பது வேறு.

எக் தீவில் சாதியில்லை, அங்குள்ள கதை அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. 1997இல் நிலம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான், 2008இல், மின்சாரம். நம் சேரிக்கு சோலார் விளக்கு கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் கேட்கவேண்டியது இதுதான்: இது ரிப்பேரானா திறந்து பார்க்க எங்க புள்ளைகளுக்குச் சொல்லித் தருவீங்களா? இது நிக்கிற மண்ணு யாரோடது?