நாயைக் குளிப்பாட்டிய கையோடு

நாயைக் குளிப்பாட்டிவிட்டு அப்படியே கோயிலுக்குப் போகலாமா? இளையர்கள் கூடிப் பேசும்போது இந்தக் கேள்வி அவ்வப்போது எழுகிறது. "குளிச்சிட்டுத்தான் வரணும், நாய் தீட்டு" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "எல்லா உயிரிலும் இறைவன் இருக்கான்னு நாமதானே சொல்றோம், அப்புறம் என்ன தீட்டு?" என்று மறுபக்கம் மடக்குகிறார்கள். என் பதில் இரண்டிலும் சேராது. குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் நாய் தீட்டு என்பதற்காக அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், நாயைத் தாண்டி மனிதர்கள் வரைக்கும் போகிற வேறுபாடு அதில் இருக்கிறது.

முதலில் குளிப்பாட்டும் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீவக வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாம். முன்பெல்லாம் சிறிய இனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2012-இல் தொடங்கிய 'புராஜெக்ட் அடோர்' திட்டத்துக்குப் பிறகு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று நாம் செல்லமாக அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் வழி பிறந்தது. நடுத்தர உயரமுள்ள நாயை வீட்டின் சின்னக் குளியலறையில் குளிப்பாட்டினால், யார் யாரைக் குளிப்பாட்டுகிறார்கள் என்றே தெரியாது. அதனால்தான் சுயசேவைக் குளியல் நிலையங்கள். நண்பனோடும் அவனுடைய சிங்கப்பூர் ஸ்பெஷலோடும் அப்படி ஓர் இடத்துக்குச் சில முறை போயிருக்கிறேன்.

இடுப்பு உயரத்தில் எஃகுத் தொட்டி. நாய் ஏறச் சாய்வுப் பலகை. கழுத்துப்பட்டையை மாட்ட ஒரு கொக்கி. பணம் கட்டினால் நேரம் ஓடத் தொடங்கும். ஷாம்பூ, தண்ணீர், காற்று என்று வரிசையாகப் பொத்தான்கள். இயந்திரம் வெதுவெதுப்பான தண்ணீர் தரும், நுரை தரும், சூடான காற்று தரும். தேய்ப்பது மட்டும் நம் கைதான். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்ப்பதும், நடுங்கும் முதுகில் கை வைத்து "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்வதும் நாம்தான். அரை மணி நேரத்தில் நாய் பளபளவென்று ஆகிவிடும். நம் சட்டையெல்லாம் ஈரம், முடி, நாய் வாடை.

கொஞ்சம் முன்பு வரை நாயின் மேல் இருந்த அழுக்கு இப்போது நம் மேல் இருக்கிறது. அழுக்கு என்பது இவ்வளவுதான். இடம் மாறும், தண்ணீரும் சோப்பும் பட்டால் போய்விடும். நாயின் உடம்பில் உண்ணி இருக்கலாம், காலில் தெருமண் இருக்கலாம். இதை மறைத்துப் பேசி நாய்ப் பாசம் காட்டத் தேவையில்லை. பலர் கூடும் கோயிலுக்கு அந்தக் கோலத்தில் போகாமல், குளித்து, மாற்றுடை உடுத்திப் போவதுதான் முறை. அந்த ஆசாரத்தை நான் மதிக்கிறேன், கடைப்பிடிக்கிறேன். நாயைக் கோயிலுக்குள் கூட்டிவரக் கூடாது என்பதோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் 'நாய் தீட்டு' என்று சொல்லும்போது அழுக்கைப் பற்றி மட்டுமா பேசுகிறோம்? நம் தேக்காவையே பாருங்கள். கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு இரண்டுமே எருமையின் பெயர் தாங்கியவை, ஒன்று மலாயில், ஒன்று ஆங்கிலத்தில். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம் அது. இன்றும் பொங்கல் சமயத்தில் அங்கே மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சாண வாடை அடிக்கும். நாம் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறோம், தொட்டுக் கும்பிடுகிறோம். அது சரியான காரியம்தான். ஆனால் ஒன்று தெளிவாகிறது. அழுக்குதான் நம் சிக்கல் என்றால் மாட்டையும் அப்படித்தான் பார்த்திருப்போம். ஆகவே நாயிடம் நாம் ஒட்டவைத்திருப்பது அழுக்கு அல்ல, இழிவு. அழுக்கு உடம்பில் இருக்கிறது. இழிவோ பார்க்கிறவர் மனத்தில் இருக்கிறது. எந்த ஷாம்பூவும் அதை எடுக்காது.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாதா? மகாபாரதத்தின் முதல் பர்வத்தில் ஒரு கதை வருகிறது. ஜனமேஜயன் தன் தம்பிகளோடு குருக்ஷேத்திரத்தில் நீண்ட வேள்வி செய்துகொண்டிருந்தான். அங்கே வந்த ஒரு நாய்க்குட்டியைத் தம்பிகள் அடித்து விரட்டினார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் போனது. தாய் சரமை, தேவலோகத்து நாய். மகனிடம் முதலில் விசாரிக்கிறாள்: நீ ஏதாவது தவறு செய்திருப்பாய், அதனால்தான் அடித்திருப்பார்கள். குட்டி சொல்கிறது: நான் அவிர்ப்பாகத்தை நக்கவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. சரமை வேள்விச் சாலைக்கே போய் அதே கேள்வியைக் கேட்கிறாள். அரச குடும்பத்தாரிடம் பதில் இல்லை. தவறு செய்யாதவனை அடித்தீர்கள், எதிர்பாராத ஆபத்து உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். ஜனமேஜயன் கலங்கிப்போய், அந்தச் சாபத்தைப் போக்கத் தகுந்த புரோகிதரைத் தேடி அலைகிறான்.

வேள்வி உணவை நாய் தொடக் கூடாது என்ற விதியைச் சரமை எதிர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விதியை அவளும் ஏற்கிறாள், குட்டியும் காத்தது. அவள் கேட்டது, விதியை மீறாதவனை எதற்காக அடித்தீர்கள் என்றுதான். நாய் என்பதாலேயே அடித்தார்கள். ஆசாரம் இழிவாக மாறிய இடம் அது.

அதே மகாபாரதத்தின் 17-ஆம் பர்வத்தில் இன்னொரு நாய். பாண்டவர்கள் எல்லாவற்றையும் துறந்து நடக்கிறார்கள். திரௌபதியும் தம்பிமார் நால்வரும் வழியில் விழுந்துவிட, தருமரோடு கடைசிவரை வந்தது ஊரிலிருந்தே கூட நடந்த ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். அவன் சொல்லும் காரணமும் சுத்தம் பற்றியதுதான்: நாய் வைத்திருப்பவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, நாயின் பார்வை பட்டால் வேள்வியின் பலன் போய்விடும். தருமர் ஏற மறுத்தார். நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்றார். பிறகுதான் அந்த நாய் தரும தேவதை என்று தெரிகிறது. தெரிந்த பிறகு கும்பிடுவது எளிது. அவர் முடிவெடுத்தபோது அது வெறும் நாய்தான்.

மூன்றாவது கதை காசியில் நடக்கிறது. கங்கையில் நீராட வந்த ஆதிசங்கரரின் வழியில், நான்கு நாய்களோடு ஒரு சண்டாளர் எதிரே வந்தார். விலகிப் போ என்றார்கள். எதை விலகச் சொல்கிறீர்கள், உடம்பையா, உள்ளிருக்கும் ஆன்மாவையா என்று அவர் திருப்பிக் கேட்டார். அத்வைதம் சொன்ன ஆசாரியர் அந்தக் கேள்விக்குத் தலைவணங்கி 'மனீஷா பஞ்சகம்' பாடினார் என்பது மரபு. வந்தவர் சிவபெருமான் என்றும், நான்கு நாய்கள் நான்கு வேதங்கள் என்றும் சொல்வார்கள்.

கீதையின் 5-ஆம் அத்தியாயத்தில் 18-ஆவது சுலோகம், படித்துப் பணிந்த பிராமணனையும் பசுவையும் யானையையும் நாயையும், கடைசியில் சமூகம் தள்ளிவைத்த மனிதனையும் ஞானிகள் சமமாகப் பார்ப்பார்கள் என்கிறது. நாயும் தள்ளிவைக்கப்பட்ட மனிதனும் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. அழுக்கான வேலையைச் செய்பவரையே அழுக்கு என்று முடிவு செய்து, அவர் பிள்ளையையும் பேரனையும் அதே பெயரில் ஒதுக்கிவைத்த சமூகம் நம்முடையது. 1897-இல் கொழும்பில் இறங்கித் தமிழ்நாட்டின் வழியே சென்ற விவேகானந்தர், நம் மதம் சமையலறைக்குள் போய் 'தொடாதே' என்பதில் முடங்கிவிட்டது என்று வேதனையோடு பேசினார்.

'அதெல்லாம் அந்தக் காலம், சிங்கப்பூர்ல யாரு தீட்டுப் பார்க்கிறா?' என்று நீங்கள் கேட்கலாம். மாலை நேர ரயிலில் கவனித்திருப்பீர்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் ஊழியர் ஒருவர், இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருவார். தன் உடையில் இருக்கும் சிமெண்டுத் தூசி அடுத்தவர் மேல் படக் கூடாது என்ற எண்ணம். அவர் தன் மேல் தானே போட்டுக்கொண்ட ஆசாரம் அது. பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளிப் போகிறார். அது அவர் மேல் போடப்படும் தீர்ப்பு. இருவருமே அழுக்கைத்தான் பார்த்தார்கள். ஒருவர் பார்வையில் அது கடமையாயிற்று, மற்றவர் பார்வையில் இழிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்விட்டு வந்து "அங்கே ஒரே கூட்டம், நாத்தம்" என்று பேசுகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். நாய்க்கு வாங்கித் தரும் மரியாதையை மனிதருக்குத் தராவிட்டால், எத்தனை நாயைக் குளிப்பாட்டி என்ன பயன்?

நான் கண்டுகொண்டது இதுதான். சுத்தம் என்பது 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மட்டும் சொல்ல வேண்டியது. நான் குளிக்க வேண்டும், நான் கை கழுவ வேண்டும், நான் இந்தக் கோலத்தில் சந்நிதிக்குப் போகக் கூடாது. 'நீ' என்று தொடங்கினால் அதே சொல் விஷமாகிவிடுகிறது. பணிவும் அப்படித்தான். மாணிக்கவாசகர் தம்மைத் தாமே நாய் என்று எத்தனையோ இடத்தில் சொல்லிக்கொண்டார், அது பக்தி. அதே சொல்லை நாம் அடுத்தவர் மேல் வீசுகிறோம், அது வசை.

நம் முஸ்லிம் அண்டைவீட்டாரையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். மின்தூக்கியில் அவர்கள் ஒதுங்கி நின்றால், "என் நாயை அவமதிக்கிறாங்க" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அவர் தம் தொழுகைக்காகத் தம் உடம்புக்கு வைத்துக்கொண்ட விதி அது. கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்து, "நீங்க போங்க, நான் அடுத்த லிஃப்ட்ல வர்றேன்" என்று சொல்வது என் கடமை. கொஞ்ச நேரம் காத்திருப்பதால் என் நாய்க்கு ஒரு குறையும் வராது.

இன்னொரு நியாயமான ஆட்சேபமும் உண்டு. 'நாய்க்கு ஷாம்பூ, சூடான காற்று... இதெல்லாம் ஓவரா இல்லையா? மனுஷனுக்கே இல்லாதபோது?' ஓவராகத்தான் போகலாம். நாயைப் பொம்மையாக்கி அலங்கரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. தருமர் அந்த நாய்க்குப் பட்டுத்துணி கட்டவில்லை, கைவிடவில்லை, அவ்வளவுதான். நம் பொறுப்பில் இருக்கும் உயிரைச் சுத்தமாக, வலியில்லாமல் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. அதற்கு மேல் போகும் செலவை நம் மனசாட்சி கணக்குப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதும் கேள்விதான். பல வீடுகளில் நாய் பிள்ளைகளுடையது, குளிப்பாட்டுவது பணிப்பெண். புகைப்படத்தில் நாம், வாளியோடு அவர். நம் அமைப்புகளில் 'சேவை' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துகிறோம். அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர் ஆள் வைத்துச் செய்யவில்லை. சுயசேவை என்று பலகையில் எழுதியிருப்பதை 'தன் கையால் செய்யும் சேவை' என்று படித்தால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது நாய்க் குளியலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அன்று ஓய்வெடுக்கட்டும்.

குளியல் முடிந்ததும் நம்மில் பலர் மறந்துவிடும் ஒரு வேலை உண்டு. வடிகாலில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டு, தொட்டியைக் கிருமிநாசினியால் அலச வேண்டும். நம் நாய்க்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. அடுத்து வரப்போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் நமக்கு நன்றி சொல்லப் போவதும் இல்லை. அதையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளியுங்கள். பிறகு தாராளமாகக் கோயிலுக்குப் போகலாம்.