தொழுநோயும் தாம்பத்தியமும்

தீராத நோயில் கிடப்பவருக்குச் சோறும் மருந்தும் தர வேண்டும் என்பதில் எந்தச் சமயத்துக்கும் ஐயமில்லை. அவருக்கு அணைப்பும் உடலுறவும் வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதில்தான் விடைகள் பிரிகின்றன. இந்தக் கேள்வியைச் சமயங்கள் நேருக்கு நேர் சந்தித்தது தொழுநோயில்.

தமிழர் நன்கறிந்த விடை, தொழுநோய்க் கணவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினியின் கதை. மார்க்கண்டேய புராணத்தில் அந்தக் கணவனின் பெயர் கௌசிகன். மனைவிக்குப் பெயரே இல்லை. அவள் அவனைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், சளியும் இரத்தமும் துடைக்கிறாள். அவன் ஒரு தாசியை விரும்பியதும் கையில் பணத்தோடு, இருட்டில் அவனைத் தோளில் தூக்கிப் போகிறாள். வழியில் கழுவில் கிடந்த மாண்டவ்ய முனிவர் மீது அவன் கால் இடிக்க, பொழுது விடிந்தால் சாவாய் என்று சாபம் விழுகிறது. அந்தச் சாபம் கால் இடித்ததற்கு, ஆசைப்பட்டதற்கு அல்ல. அழுகும் உடலுக்கும் காமம் உண்டு என்பதைக் கதை கூசாமல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சுமந்தவளுக்கு என்ன வேண்டும் என்று அது கேட்கவில்லை.

நோய் மனைவிக்கு வந்தால் நிலைமை வேறு. மனுஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயம், நோயாளி மனைவி இருக்க மறுமணம் செய்துகொள்ளக் கணவனுக்கு இடம் தருகிறது. அவள் நல்லவளாக இருந்தால் அவள் சம்மதம் வேண்டும், அவளை அவமதிக்கக் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு. கணவனின் நோய் மனைவிக்குத் தவம். மனைவியின் நோய் கணவனுக்கு விடுதலை. இது நியாயமல்ல.

யூத மரபின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கொடிய தோல்நோய் கண்டவன் மனைவியை விலக்கியே ஆக வேண்டும் என்கிறது. அவளே இருக்க விரும்பினாலும் விடாது. உறவு அவன் உடலை மேலும் உருக்கும் என்பது காரணம். ஆனால் சாட்சிகள் உடனிருக்க அவனோடு வாழ்வேன் என்று அவள் சொன்னால் அனுமதிக்கலாம் என்று, மிஷ்னாவை விளக்கும் தால்முத் ஒரு வழி திறக்கிறது. உடலுறவு போனாலும் துணை போகவேண்டியதில்லை என்று பிரித்துப் பார்த்த கூர்மை அதில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தார். தொழுநோய் திருமணத்தை முறிக்காது. நோயாளி கேட்டால், கணவனோ மனைவியோ, மற்றவர் தாம்பத்தியக் கடனைச் செலுத்த வேண்டும். புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதே இதற்கு ஆதாரம். இருபாலருக்கும் ஒரே விதி என்பதால் மனுவைவிட இது நேர்மையானது. ஆனாலும் கடன் என்று வந்துவிட்டால் மறுக்கும் உரிமை போய்விடுகிறது. வற்புறுத்திப் பெற்ற அணைப்பு நோயாளியின் தனிமையையும் தீர்க்காது.

சரியான விடை இவற்றுக்கு நடுவே இருக்கிறது. பசியைப் போலவே தீண்டலும் தேவைதான்; ஆனால் சோற்றை யாரும் பரிமாறலாம், தீண்டலை மனமுவந்த ஒருவர்தான் தர முடியும். அதனால் இன்னார் தன்னை அணைத்தே ஆக வேண்டும் என்று நோயாளி கோர முடியாது. இவரை அணைக்காதே என்று இருவருக்கிடையே புகும் உரிமை சமயத்துக்கும் அரசுக்கும் கிடையாது. நோயாளி கொடுப்பவராகவும் இருக்கிறார் என்பதையும் எல்லா மரபுகளும் மறந்தன. தொழுநோய் நரம்பைத் தாக்குவதால், மரத்த விரல் சூடான பாத்திரத்தையே உணராது. அந்தக் கையாலும் ஒருவரின் நெற்றியை வருடிக்கொடுக்க முடியும்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை நின்றுவிடுகிறது. இருந்தும் இந்தியாவின் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணச் சட்டங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் தொழுநோய் விவாகரத்துக்குரிய காரணமாகவே நீடித்தது. 2019ஆம் ஆண்டின் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது.