பலகைக்கு அழைக்கப்படாதவர்கள்

கல்லூரியில் கணிதத்தை எப்படி நடத்துவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், முறைகளை வரிசையாக வைத்து மதிப்பெண்ணால் அளந்து பார்ப்பதே நம் வழக்கம். ஆசிரியர் பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதுமா, காணொளியை வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு வகுப்பில் கணக்குப் போட வைப்பதா, குழுவாக உட்கார வைப்பதா என்று யோசிக்கிறோம். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, விரிவுரையை மட்டும் கேட்கும் மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் தாமே ஈடுபட்டுக் கற்பவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகம் என்றது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப்போகிறது. அந்த வகுப்பில் யாரைச் சிந்திக்கத் தகுந்தவராக நாம் ஏற்றுக்கொள்கிறோம்?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை கற்பித்த ராபர்ட் லீ மூர், விரிவுரையை ஏறக்குறைய ஒழித்தே விட்டவர். வரையறைகளையும் தேற்றங்களின் கூற்றுகளையும் மட்டும் கொடுப்பார். நிரூபணத்தை மாணவர்தான் கண்டடைய வேண்டும். புத்தகத்தைப் புரட்டக் கூடாது, ஒருவரையொருவர் கேட்கவும் கூடாது. பலகைக்கு முதலில் அழைக்கப்படுபவர் வகுப்பில் பின்தங்கியவர். அவரால் இயலாதபோதுதான் அடுத்தவர். மாணவரின் மூளைமீது இவ்வளவு நம்பிக்கை வைத்த முறை அரிது. மேரி எலன் ரூடின் போன்ற பெரிய கணிதவியலாளர்கள் அதிலிருந்து வந்தார்கள். அதே மூர், கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தார். பின்தங்கியவரை முதலில் அழைத்த பலகைக்கு, அவர்களில் எவரும் அழைக்கப்படவே இல்லை.

அப்படி மறுக்கப்பட்டவர்களில் ஒருவர் விவியன் மலோன்-மேய்ஸ். அவருடைய பேராசிரியர் ஒருவர் மாணவர்களோடு கணிதம் பேசிய காபிக் கடையில் கறுப்பினத்தவருக்குப் பரிமாற மாட்டார்கள் என்பதால், அந்தப் பேச்சும் அவருக்குக் கிட்டவில்லை. வகுப்பறையில் கற்பதைப் போலவே அத்தகைய மேசைகளைச் சுற்றியும் கணிதம் கற்கப்படுகிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது எழுதப்படுவதில்லை. அவர் 1966இல் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1961இல் இனத்தைக் காட்டி அவரை மாணவியாகச் சேர்க்க மறுத்த பேய்லர் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராகவும் சேர்ந்தார். அங்கே அவர் உருவாக்கியது, ஒலிப்பதிவைக் கேட்டு ஒவ்வொருவரும் தம் வேகத்தில் கற்கும் முறை. மூரின் முறையை அதன் நேர்த்திக்காகப் பாராட்டுகிறவர்கள் இந்த எளிய முறையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. ஆனாலும் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சந்தேகம் கேட்பது பெரும்பாலும் முதல் இரண்டு பெஞ்ச்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர், ஆங்கிலத்தில் கேள்வியை அமைத்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளைக்குக் கணிதம் வரவில்லை என்று நாம் முடிவு கட்டுவது நியாயமில்லை. குழுவாக உட்கார வைத்தாலும் காணொளி கொடுத்தாலும் அதே இரண்டு பெஞ்ச் பேசினால், மாறியிருப்பது மேசைகளின் வரிசை மட்டும்தான்.

அடுத்த கல்வியாண்டுக்கு முறையைத் தீர்மானிக்கக் கூடும் துறைகள், தேர்ச்சி விழுக்காட்டை எடுக்கும் முன் இந்த ஆண்டின் கணக்கொன்றை எடுக்கட்டும்: ஒருமுறைகூடப் பலகைக்கு வராமல் பருவத்தை முடித்த மாணவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள்.