ஐப்பசிக்கு முன் கூரை



தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பலருண்டு. நல்ல காரியமே. ஆனால் முதலில் எதில் கை வைக்கிறார்கள்? வாசற்சுவருக்கு வர்ணம், தரைக்குப் புதுக்கல். கூரையைப் பற்றிக் கேட்டாலோ, "அடுத்த வருஷம் பார்ப்போம், சாமி" என்பார்கள். அடுத்த வருஷத்துக்கு முந்தி ஐப்பசி வந்துவிடுமே!

கூரை ஒழுகும் வீட்டில் வேறெந்த வேலையும் நிலைக்காது. மச்சு வீட்டில் தளத்து வெடிப்பின் வழியே இறங்கும் நீர், சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனியை நனைக்கும். வெளியே கட்டை திடமாய்த் தோன்றும், உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். ஈரம் கண்ட இடத்தில் கரையான் ஏறும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை இன்று விரலால் பிடுங்கலாம். சில வருஷம் விட்டால் அது சுவரைப் பிளக்கும்.

சுண்ணாம்புத் தளத்தின்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் போதுமென்று எண்ண வேண்டாம். சிமெண்டு வெடிக்கும், புகுந்த நீர் காய வழியின்றி உள்ளேயே தங்கும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலே செப்பனிடுவது முறை. ஓட்டு வீடானால் ஓடுகளை இறக்கி, ரீப்பரையும் கைமரத்தையும் தட்டிப் பார்த்து, நைந்ததை மாற்றிய பிறகே திரும்ப வேயவேண்டும்.

நம் ஊர்த் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். 1636-ல் எழுந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லை. சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு, 1866-க்கும் 1872-க்கும் இடையே அதைப் பழுது பார்க்கச் செய்தார். எஞ்சியதாவது நமக்குக் கிடைத்தது. அரசன் மாளிகைக்கே கவனிப்பாரில்லாவிட்டால் இந்தக் கதி என்றால், நம் வீடு எம்மாத்திரம்?

சோம்பலால் மேற்கூரை தாழ்கிறதென்றும், கை தளர்ந்தால் வீடு ஒழுகுகிறதென்றும் பிரசங்கி ஆகமம் 10-ம் அதிகாரம் நமக்குப் புத்தி சொல்லுகிறது. சோம்பல் மட்டுமா? பங்காளிகளின் வீம்பும் உண்டு. "பொது வீடு, நான் மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று அண்ணன் இருப்பான். "மூத்தவர் செய்யட்டும்" என்று தம்பி இருப்பான். நடுவில் பெற்ற தாய், மழை இரவில் சொட்டு விழும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளே, தாய் தகப்பனைச் சங்கித்திருப்பாயாக என்ற கற்பனை அந்தக் கூரைக்குக் கீழேதான் அனுசரிக்கப்பட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு தீரும்வரை மழை காத்திராது.

ஆத்துமத்துக்கும் இதுவே நியாயம். சிறு பாவமென்று விட்டது சொட்டுச் சொட்டாய் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உத்திரத்தை அரிக்கும். வெளிப்பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

ஆகையால், மழைக்கு முந்தி நல்ல கொத்தனாரை அழைத்துக் கூரைமேல் ஏற்றுங்கள். தண்ணீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். சகோதரர்கள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வர்ணம் பூசுவதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் தெருவிலுள்ள ஏழை விதவையின் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சர்வேசுரன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு